மாவுக்குப் போர்த்திய பொன்னாடை

போன சனிக்கிழமை சாயங்காலம் யாராவது என்னைப் பார்க்க நினைத்திருந்தால், அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் ஒரு மளிகைக் கடைக் கல்லாவுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

பட்டுப் புடவை. அதன் மேல் ஸ்வெட்டர். அதற்கும் மேல் ‘ஃப்ரெஷ் தோசை மாவு’ என்று அச்சடித்த ஏப்ரன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாத பனி... விழலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விழுந்தது. தெருவிளக்கைச் சுற்றி மட்டும் மஞ்சளாகத் தெரிந்து, கீழே வந்ததும் காணாமல் போனது. கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு, இது யாருடைய கடை, யாருடைய சனிக்கிழமை, இதற்குள் நான் எப்படி வந்தேன் என்ற யோசனையில் இருந்தேன்.

“ஹலோ ஆன்டி, இந்த வாழைக்காய்ல பார்கோடே இல்லையே” என்று ஒரு குரல் என்னைத் தட்டி எழுப்பியது.

எப்படி வந்தேன் என்று உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் பொங்கல் தை முதல் தேதி வராது. பள்ளிக்கூட ஆடிட்டோரியம் எந்தச் சனிக்கிழமை காலியாக இருக்கிறதோ அன்றைக்குத்தான் வரும். சில வருடங்களில் மாசி பிறந்த பிறகுகூடப் பொங்கல் கொண்டாடியிருக்கிறோம். சூரிய பகவான் கோபித்துக்கொள்ளவில்லை. அவரையே இங்கே மாசியில்தான் அபூர்வமாகப் பார்க்க முடிகிறது.

எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் வசூலாகிற பணம் ஊரில் இருக்கும் உணவு வங்கிக்குப் போகிறது. வேலை போனவர்கள், வாடகை கட்டியபின் கையில் ஒன்றும் மிஞ்சாதவர்கள் எல்லாம் வந்து அரிசியும் பாலும் வாங்கிப் போகிற இடம் அது. அந்த வரிசையில் நம் முகங்களும் நிற்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. நல்ல காரியம்தான். ஆனால் விழா நடத்த ஹால், மைக், லைட், கரும்பு என்று முதலில் செலவாகிறதே? அதற்காகத்தான் வருடா வருடம் கடை கடையாக ஏறி இறங்குகிறோம்.

இந்த வேலைக்குக் கமிட்டியில் இரண்டு பேர். ஒருத்தி வித்யா. பொள்ளாச்சிக்காரி. பகலில் ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர், மிச்ச நேரமெல்லாம் எங்களுக்கு மேனேஜர். இன்னொருத்தி நான்.

வித்யாவுக்கு எல்லாமே நேர்ப் பாதை. கடைக்குள் போவாள், டேப்லெட்டைத் திறப்பாள், பிளாட்டினம் ஸ்பான்சர், கோல்டு ஸ்பான்சர், சில்வர் ஸ்பான்சர் என்று ஸ்லைடு காட்டுவாள், கேட்பாள், திரும்பி வருவாள். எனக்கு அது சரிப்படாது. எடுத்த எடுப்பில் டொனேஷன் என்று கேட்க நாக்கே எழாது. முதலில் எதையாவது வாங்க வேண்டும். பிறகு ஊர் எது என்று விசாரிக்க வேண்டும். குழந்தைகள் என்ன படிக்கிறார்கள், குளிர் இந்த வருடம் ஜாஸ்தியா, அவர் தலைவலி எப்படி இருக்கிறது... எல்லாம் ஒரு சுற்று வந்து, போகிற போக்கில் ஞாபகம் வந்த மாதிரி, வாசல் வரை போய்த் திரும்பி, “அப்புறம் நம்ம பொங்கல் விழா...” என்று இழுக்க வேண்டும்.

நகைக் கடையில் மட்டும் இந்த முறை வேண்டாம் என்று என் கணவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்.

இதில் இன்னொரு சங்கடம். நம்மூர்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடைக்குள் நுழைந்தாலே எனக்குச் சுயநினைவு தப்பிவிடும். ஊதுபத்தியும் பெருங்காயமும் பழுத்த கொய்யாவும் கலந்த அந்த வாசனை, தலைக்கு மேல் எங்கோ மெல்லிசாக ஓடும் பாட்டு, ரீங்காரமிடும் ஃப்ரீசர். வந்த வேலை என்ன என்பதே மறந்துபோய், சேமியா பாக்கெட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பேன். காரில் காத்திருக்கும் வித்யா போன் செய்வாள்.

“என்னங்க்கா ஆச்சு? குடுத்தாரா?”

“இல்ல வித்யா. கறிவேப்பிலை நல்லா இருந்துச்சு... வாங்கிட்டேன்.”

அவள் பொறுமைசாலி.  பெருமூச்சு மட்டும் போனில் கேட்கும்.

கடைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இல்லை என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. ஓனர் வெளியே போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். ஓனரின் நாற்காலியில் உட்கார்ந்து, ஓனரின் போட்டோவுக்குக் கீழே, அதே முகத்தோடு சொல்வார்கள். நானும் நம்பிவிட்ட மாதிரி தலையாட்டிவிட்டு வருவேன். நாமும் நேராகக் கேட்பதில்லை, அவர்களும் நேராக மறுப்பதில்லை. இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவே இருக்காது. காரியம்தான் நடக்காது.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. தமிழ்ப் பள்ளி, கோயில், மசூதி, கிரிக்கெட் டீம், பட்டிமன்றக் குழு என்று யார் எதை ஆரம்பித்தாலும் முதலில் ஏறுகிற படி அந்தச் சின்னக் கடைகளின் படிதானே? கம்பெனிகளில் பெரிய பெரிய வேலையில் இருக்கிற நாம், மாவு விற்கிறவரிடம் போய்ப் பேனருக்குக் கேட்கிறோம்.

ஜமால் பாய் கடைக்கு மட்டும் நான் கடைசியாகத்தான் போவேன். ஏனென்றால் அங்கே கேட்கவே வேண்டாம்.

ஜமால் பாய் கீழக்கரைக்காரர். கடை மெயின் ரோட்டில் இல்லை, ஒரு பக்கத் தெருவில் சலூனுக்கும் டாக்ஸ் ஆபீஸுக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது. ஆனால் பாய் கடை இட்லி மாவு என்றால் பென்சில்வேனியாவிலிருந்துகூடக் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சின்ன பார்க்கிங் லாட்டில் இடம் கிடைத்தால் அது நம் அதிர்ஷ்டம்.

போன மாதம் அவர் கடைக்குப் போனேன். கொத்தமல்லிக் கட்டை எடுத்து மெதுவாகக் கல்லாவில் வைத்து, “குளிர் இந்த வருஷம்...” என்று நான் ஆரம்பிப்பதற்குள், “பொங்கல் விழாதானக்கா? எப்பவும் போலப் போட்டுக்கங்க” என்று முடித்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இப்படித் தாராளமாகக் கொடுக்கிறவர்களிடம் நம் சாமர்த்தியத்தைக் காட்ட வழியே இல்லை.

சரி, வந்ததற்கு மாவாவது வாங்கலாம் என்று கேட்டேன். மாவு அரைக்கிற கோமதி அக்கா, மகளுக்குப் பிரசவம் என்று டெக்ஸாஸ் போயிருக்கிறாராம். கல்லாவை விட்டு நகர முடியாத நிலையில், “உள்ளாற போயி ஃப்ரிட்ஜ்ல எடுத்துக்கங்கக்கா” என்றார். போனேன்.

பின்கட்டு கொஞ்சம் இருட்டு. நல்ல குளிர். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதில் சாம்பல் நிற வானம். அரைத்த உளுந்தின் வாசனை. சுவரோரமாக வரிசையாக ஸ்டீல் டிரம்கள் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஜரிகை போட்ட பொன்னாடை! மெரூன், பச்சை, மாம்பழ மஞ்சள்... கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேடையில் தலைவர் பேச்சு முடியக் காத்திருக்கும் பிரமுகர்கள் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தன. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. அந்த மெரூன் எனக்குத் தெரிந்த மெரூன். வித்யாவும் நானும் போய் வாங்கியது.

வெளியே வந்து கேட்டேன். பாய்க்கு லேசாக வெட்கம் வந்துவிட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இந்தக் குளிருக்கு மாவு பொங்க மாட்டேங்குது. துண்டு, போர்வை எல்லாம் போட்டுப் பார்த்தேன். இதுதான் நல்லா சூட்டைப் பிடிக்குது.”

நான் ஏன் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்? வெட்கப்பட வேண்டியது நாங்கள்தான்.

விழாவில் நடப்பது இதுதான். மேடையில் மைக் பிடிப்பது வருடா வருடம் அடியேன். மைக் என்றால் எனக்கு எவ்வளவு ஆசை என்பது உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சிகளுக்கு நடுவில் ஸ்பான்சர்களை ஒவ்வொருவராக அழைப்பேன். “பலத்த கரவொலியுடன்...” என்று நான் இழுத்ததும் கரவொலி வரும். ஆள் வர மாட்டார். பாய் வந்ததே இல்லை. பொன்னாடையைக் கேரி பேக்கில் போட்டு, அடுத்த வாரம் மாவு வாங்கப் போகும்போது கல்லாவில் வைத்துவிடுவோம். மற்ற சங்கங்களும் அப்படியேதான் செய்திருக்கின்றன போலிருக்கிறது. இல்லாவிட்டால் அத்தனை டிரம்முக்கு எங்கிருந்து வரும்?

வருடம் பூராவும் அந்த மாவில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு, ஒரு மனுஷர் ஏன் வருவதில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. விழா சனிக்கிழமை சாயங்காலம். கடையில் நிற்க இடமில்லாத நேரமும் சனிக்கிழமை சாயங்காலம். கடைக்காரர்களிடம் கேட்டு வாங்கி, கடைக்காரர்கள் யாருமே வர முடியாத நேரத்தில் விழா வைத்து, வராதவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இதை எங்களைத் தவிர யாரால் செய்ய முடியும்?

பில்லைக் கொடுத்துக்கொண்டே பாய் சாதாரணமாகச் சொன்னார்: “இந்த வருஷமும் சுமையா சிலம்பம் சுத்துறாக்கா. இதான் கடைசி. செப்டம்பர்ல காலேஜ் போயிடுவா.”

சுமையா அவருடைய ஒரே மகள். தலையில் ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் மேடைக்கு வந்தால் சின்னப் பிள்ளைகள் எல்லாம் முன்வரிசைக்கு ஓடி வருவார்கள். கம்பு கண்ணுக்கே தெரியாது. அவளைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் தெரியும். நான் அவளை ஒவ்வொரு வருடமும் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று, கை எட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறேன்.

“நீங்க அவ சுத்திப் பார்த்ததே இல்லையா பாய்?”

“வீடியோ அனுப்புவாங்கக்கா. ஆனா அதுல பாட்டுச் சத்தம்தான் வருது. கம்பு காத்துல போற சத்தம் வர மாட்டேங்குது.”

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆளுக்குப் பில் போட ஆரம்பித்துவிட்டார்.

கேட்டுக் கேட்டுத்தான் மீதியைத் தெரிந்துகொண்டேன். அவர் மனைவி பரிதாவுக்கு ஆஸ்பத்திரியில் வீக்எண்ட் ஷிஃப்ட். மகளை ஹாலில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவாராம். அப்பார்ட்மெண்டில் கம்பு சுற்ற இடமில்லை, சுற்றினாலும் கீழ் வீட்டுக்காரர் கம்ப்ளைன்ட் பண்ணுகிறார். ஆக, பெற்ற இரண்டு பேருமே அந்தப் பெண்ணை மேடையில் பார்த்ததில்லை. பேனரில் அப்பா கடையின் பேர், பேனருக்கு முன்னால் மகள்... நடுவில் அப்பா மட்டும் இல்லை. ரெண்டு மணி நேரம் கடையை மூடக் கூடாதா என்றேன். பக்கத்திலேயே பெரிய சூப்பர் மார்க்கெட் வந்திருக்கிறது, அவ்வளவு தூரம் காரில் வருகிறவர்கள் ஒரு சனிக்கிழமை பூட்டிய கதவைப் பார்த்தால் நேரே அங்கே போவார்கள், போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்றார். ரகசியமில்லை, புகாருமில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை வருடம் அந்தப் பெண்ணுக்காக நான் கை தட்டியதெல்லாம் அவருடைய கைதட்டல், நான் எடுத்துக்கொண்டேன் என்று தோன்றியது.

“நான் கடையப் பார்த்துக்கிறேன் பாய். நீங்க போயிட்டு வாங்க” என்று என் வாய் சொன்னது.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொத்தமல்லி என்று நினைத்துப் புதினாவைக் கொண்டு வந்து கல்லாவில் வைத்திருந்தேன் என்பதை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

காருக்கு வந்து வித்யாவிடம் சொன்னேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அது சரிங்க்கா... அப்ப மைக்?” என்றாள். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. வருடத்துக்கு ஒருநாள் கிடைக்கிற மைக். அதைக் கொடுத்துவிட்டேன்! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வருத்தமாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

விழா நாள் மத்தியானமே கடைக்குப் போய்விட்டேன். பழக்க தோஷத்தில் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். பாய் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். பார்கோடு இருந்தால் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் திரையில் அந்தக் காயின் படத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான் கடை. கிளம்பும்போது, வாசல் வரை போய்த் திரும்பி ஒரே ஒரு விஷயம் சொன்னார். நாளைக்கான மாவை இப்போதுதான் அரைத்து ஊற்றியிருக்கிறார், அரைத்த சூடு அடங்கட்டும், அரை மணி கழித்து மூடி போட்டு மேலே அந்தப் பொன்னாடைகளைப் போர்த்திவிட்டால் போதும். சரி பாய், சரி பாய் என்றேன். புதுச் சட்டை, முடியை அழுத்தி வாரியிருந்தார். பனியில் அவர் கார் பின்னால் நகர்ந்து, திரும்பி, மெதுவாகக் கரைந்து போனது.

அதற்குப் பிறகு எல்லாம் கனவில் நடந்த மாதிரிதான் இருக்கிறது.

கதவு மணி கிணுங்கும். குளிர் ஒரு கீற்று உள்ளே வரும். பின்னாலேயே ஒரு முகம் வரும். சிலர் என்னைப் பார்த்து இரண்டாம் முறை பார்த்தார்கள்... மைக்கோடு பார்த்த முகம் மாவோடு இருக்கிறதே என்று. முருங்கைக்காய் கார் டிக்கியில் கொள்ளுமா என்று ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். ஒரு இளம் ஜோடி அப்பளம் எது வாங்குவது என்று வெகுநேரம் தாழ்ந்த குரலில் விவாதித்தது. காய்களின் படத்தைத் தொடத் தொட, கத்தரிக்காய் பொங்கிப் பொங்கித் திரையில் வந்து மறைந்தது. எங்கோ பக்கத்து ஊரில் என் விழா நடந்துகொண்டிருந்தது. இந்நேரம் கும்மி முடிந்திருக்கும், இந்நேரம் குழந்தைகள் திருக்குறள்... என்று நினைத்துக்கொண்டே பில் போட்டேன்.

கூட்டம் குறைந்த ஒரு நிமிடத்தில், கம்பளித் தொப்பி போட்ட ஒரு வயதான அமெரிக்கப் பெண்மணி உள்ளே வந்தார். தொப்பியில் இருந்த பனியைத் தட்டிவிட்டு நேராகக் கல்லாவுக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. ஊர் விசாரிக்கவில்லை. நூலகத்துக்கு உதவும் நண்பர்கள் குழுவிலிருந்து வருவதாகவும், குழந்தைகள் பிரிவுக்குப் புத்தகம் வாங்க ஒரு ஏலம் நடத்துவதாகவும், எங்கள் கடையிலிருந்து ஏதாவது கொடுக்க முடியுமா என்றும் ஒரே மூச்சில் சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டார்.

எங்கள் கடை!

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

ஓனர் வெளியே போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன்.

சத்தியமான வார்த்தை. ஓனர் உண்மையிலேயே வெளியேதான் போயிருந்தார். ஆனாலும் சொன்ன மாத்திரத்தில் எனக்கு முகம் சுட்டது. பின்னால் வாழைப்பழத்தோடு ஒருவர் காத்திருக்கிறார், போன் அடிக்கிறது, எது நம்முடையது எது இன்னொருவருடையது என்று தெரியவில்லை, அந்த நேரத்தில் சட்டென்று வாயில் வருவது அந்த ஒரு வாக்கியம்தான். எனக்கு அதைச் சொன்ன கடைக்காரர்கள் எல்லோரையும் அந்த நிமிடமே மன்னித்தேன்.

அந்த அம்மாள் நன்றி சொன்னார். சிரிப்பு அப்படியேதான் இருந்தது, தோள் மட்டும் லேசாக இறங்கியது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த தோள். கடை கடையாக ஏறி இறங்குகிற தோள். வாசல் வரை போனவரைக் கூப்பிட்டேன். நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, கடலை மிட்டாய் என்று கைக்கு வந்ததை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, என் கார்டிலேயே பில் போட்டு, கடையின் பேரில் கொடுத்தேன். அவர் சந்தோஷமாக, நன்றி அறிவிப்பில் போடுவதற்காகப் பேர் கேட்டார். ஜமால் பாயின் பேரைச் சொன்னேன். பேர் போடுவது இருக்கட்டும், அவரை நேரில் அழைப்பீர்களா என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். கட்டாயம் அழைப்போமே, குடும்பத்தோடு வரட்டுமே என்றார்.

என்றைக்கு என்று கேட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலமாம்.

பாய் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கூடவே சுமையா. கதவு மணி கிணுங்கியபோது முதலில் உள்ளே வந்தது கம்புதான். பாயின் தோளில் பொன்னாடை, நீல நிறம். அதன் மேல் கரையாத பனி. கார் ஓட்டிக்கொண்டு வந்தவர் அதைக் கழற்றவே இல்லை. வித்யா மேடைக்குக் கூப்பிட்டாளாம், போனாராம், முதன்முறையாக ஒரு பொன்னாடை போய்ச் சேர வேண்டிய தோளில் விழுந்திருக்கிறது.

“எப்படி இருந்துச்சு பாய்?” என்று கேட்டேன்.

 அவர் கல்லாவுக்கு அந்தப் பக்கம், வாங்க வந்தவர் மாதிரி நின்றார்.

“சத்தம் கேட்டுச்சுக்கா” என்றார். “உய்ய்ங்னு... மேல வந்து காத்து படுற மாதிரி இருந்துச்சு.” பிறகு முகமெல்லாம் மலர, “ஆனா கம்பைக் கீழ போட்டுட்டா” என்றார்.

சுமையா சின்ன வயதிலிருந்து கம்பைக் கீழே போட்டதே இல்லை. எனக்குத் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தவள் நான்.

சுமையாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பா வருகிறார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லையாம். சுற்றிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்து நிற்கிறாராம், பின்னால் இருப்பவர்கள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம், அவரைப் பார்த்த அதிர்ச்சியில் கை நழுவிவிட்டதாம். எல்லாவற்றையும் இங்கிலீஷில் படபடவென்று கொட்டித் தீர்த்தாள். “ஸோ எம்பாரஸிங், அத்தா” என்று முடித்தாள். அதைச் சொல்லும்போது அவள் தலை அத்தாவின் தோளில், அந்தப் பொன்னாடையின் மேல்தான் சாய்ந்திருந்தது.

“பரிதாவுக்கு வீடியோ எடுத்தீங்களா?” என்றேன்.

“அடடா” என்றார் பாய். போன் அவர் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏப்ரனில் துடைத்துக்கொண்டேன். அதில் உளுந்து மாவு ஒட்டியிருந்திருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் எரிந்தது.

கேட்பது கஷ்டம் கஷ்டம் என்று இத்தனை வருடம் புலம்பியிருக்கிறேன். இந்தப் பத்தியிலேயேகூடப் புலம்பியிருக்கிறேன். கேட்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. எவ்வளவு, எந்த அளவில் பேனர் என்றெல்லாம் கேட்டோம். நீங்கள் வருகிறீர்களா, வர என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டதில்லை. அடுத்த வருடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹால் கிடைக்குமா என்று வித்யா இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறோம், கடைக்கு ஒருவராகக் கல்லாவில் உட்கார. காய்களின் படத்தைத் தொடத் தெரிந்தால் போதும்.

அன்று வீட்டுக்கு நான் கார் ஓட்டிப் போனேனா, பனியில் மிதந்து போனேனா என்று நினைவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வித்யா போன் செய்தாள்.

“ஏனுங்க்கா, பாய் கடை மாவுக்கு என்னாச்சுங்க? நேத்து இட்லி கல்லாட்ட இருந்துச்சு.”

அப்போதுதான்... அந்தப் பின்கட்டும், குளிரும், சுவரோரமாகத் திறந்த டிரம்களும் என் கண் முன்னால் வந்தன. நூலகத்து அம்மாள், முருங்கைக்காய்க்காரர், பனி, கம்பு, எல்லாம் நினைவிருக்கிறது. போர்த்தியது மட்டும் நினைவில் இல்லை. ஏனென்றால் போர்த்தவில்லை!

பதறிப்போய் பாயை அழைத்தேன். அவர் சிரித்துவிட்டார். அவரும் கவனிக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுந்து, காதில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எல்லா மாவையும் பாக்கெட் போட்டு விற்றுவிட்டாராம்.

எடிசன் வட்டாரத்தில் அன்றைக்குக் கல் இட்லி சாப்பிட்டவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால்... சுமையாவின் கம்பு கீழே விழுந்த அந்த நிமிடத்துக்கு நீங்களும் ஒரு ஸ்பான்சர். பேனரில்தான் பேர் போட முடியவில்லை.